எபூசியரின் மண்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் யாராவது எருசலேமுக்குப் போய்வந்தால் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது மண்தான். ஒரு சிட்டிகை வாங்கி அலுமாரியில் வைப்பார்கள், சாகும்போது சவப்பெட்டிக்குள் போட. எருசலேமில் ஒரு முதிய தொல்லியலாளரைப் பராமரிக்கும் வேலையில் இருந்த யோசெப்பின், தம்பி பீற்றருக்கு நோய் கடுமை என்று கேள்விப்பட்டுத் திரும்பியபோது, அவளும் ஒரு மருந்துப் போத்தலில் மண் கொண்டுவந்தாள்.

பீற்றர் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவன். கொள்கலன் சரிந்து வலது கால் போனது. இப்போது ஈரலில் புற்றுநோய்.

"இயேசு நடந்த மண்தானே, அக்கா?"

யோசெப்பினுக்குப் பொய் வரவில்லை. பழைய நகரத்து ஊற்றுக்குப் பக்கத்துச் சரிவில், பெரும் பாறைகளால் கட்டிய மதிலின் அடியில் தோண்டி, சலித்து ஒதுக்கிய மண் அது. அவள் அள்ளிய பிறகுதான் கிழவர் சொன்னார்: மதில் தாவீது அரசருக்கும் பல நூறு வருடம் முந்தியது, தாவீதின் மாளிகை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு கல்கூட இன்னும் அகப்படவில்லை.

"இல்லையடா. தாவீது பிடிக்கமுதல் அங்க இருந்த சனத்தின்ட மண்."

"எபூசியர்." பீற்றர் கண்ணை மூடினான். கால் போன நாளிலிருந்து விவிலியத்தில் சாமுவேல் நூலின் ஓரிடம் அவனுக்கு முள்ளாக இருந்தது. நகரைப் பிடிக்கவந்த தாவீதை எபூசியர் பழித்தார்கள்: உன்னைத் தடுக்க எங்கள் குருடரும் முடவருமே போதும். நகரம் விழுந்தது. குருடரும் முடவரும் ஆண்டவரின் வீட்டினுள் வரக்கூடாது என்ற சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

"தாவீது என்னை வாசல்லயே மறிச்சுப்போடுவார். எபூசியரெண்டா மதில்ல காவலுக்கு விட்டிருப்பாங்க. சம்பளமும் குடுத்திருப்பாங்க, எங்கட கொம்பனி மாதிரி இல்ல." சிரிக்கப்போய் இருமினான். "அதையே போடு, அக்கா. மறந்திராத."

அவன் மனைவி ஷாமிலா கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பீற்றர் இறந்தான். ஷாமிலா பெட்டியின் தலைமாட்டில் நின்றாள்.

"மச்சாள், அந்தப் போத்திலோட கிட்ட வராதீங்க. ஆண்டவரை அறியாத சனத்தின்ட மண். மோட்ச வாசல்ல இவர் என்னெண்டு பதில் சொல்லுறது?"

"அவன்தான் கேட்டவன், ஷாமிலா."

"நோவில கேட்டது. இயேசுட மண் எண்டு நீங்க ஒரு பொய் சொல்லியிருந்தா நிம்மதியாப் போயிருப்பார்."

யோசெப்பின் போத்தலோடு பின்கட்டுக்குப் போனாள்.

பெட்டியை மூடுமுன் எல்லோரும் முத்தமிட வரிசையாக வந்தார்கள். பீற்றரின் வெறும் காற்சட்டைக் கால் மடித்து ஊசி குத்தியிருந்தது. மடிப்பைச் சரிசெய்பவள்போல யோசெப்பின் குனிந்து ஊசியைக் கழற்றினாள். உள்ளங்கையில் மறைத்துவந்த மண்ணை மடிப்புக்குள் விட்டு, மறுபடி குத்தினாள்.

நிமிர்ந்தபோது ஷாமிலா அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் மண் ஒட்டியிருந்தது. ஷாமிலா பெட்டியை மூடச் சொன்னாள். ஆனால் அதன்பின் அந்த வீட்டு எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவுக்கோ ஆண்டுப் பூசைக்கோ யோசெப்பினுக்கு அழைப்பு வரவில்லை.