பூட்டிய லயத்தில் ஓடிய டிவி

காலை பத்தரை மணிக்கு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அந்த வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன். பிறகு ஜன்னல் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்தேன். மாதா படத்துக்குக் கீழே டிவி. அதில் காலை நேரத் தமிழ் நிகழ்ச்சியை நடத்தும் பெண் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. டிவியின் பக்கத்தில் நானே பொருத்திய சிறிய பெட்டியில் மூன்று பச்சைப் புள்ளிகள் எரிந்தன. அந்த நிமிடத்தில் அந்த வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

 கொழும்பில் சொன்னது சரிதான்.

யார் யார் எந்த டிவி நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் கம்பெனி ஒன்றுக்காக நான் பதுளையிலிருந்து வேலை செய்கிறேன். நாட்டில் எல்லா வீட்டையும் எண்ண முடியாது. அதனால் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, டிவி பக்கத்தில் இந்தப் பெட்டியை வைப்போம். ஓடுவது எந்தச் சேனல் என்று பெட்டி சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடும். பார்ப்பது யார் என்று மட்டும் அதற்குத் தெரியாது. அதற்காக ஒரு ரிமோட் கொடுப்போம். வீட்டில் ஆளுக்கொரு நம்பர். டிவி முன்னால் உட்காரும்போது தன் நம்பரை அமுக்க வேண்டும், எழுந்து போகும்போது திரும்ப அமுக்க வேண்டும். ஒரு வீட்டின் கணக்கு அதே மாதிரியான எத்தனையோ வீடுகளின் கணக்காகப் பெருகிக் கொழும்பு ஆபீசில் வந்து நிற்கும். எந்த வீட்டில் பெட்டி இருக்கிறது என்பதை வெளியே சொல்லக் கூடாது. எங்கள் ஊவா மாகாணத் தோட்டங்களில் பெட்டி வைத்த தமிழ் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

லுணுகலைக்கு அப்பால் இருக்கும் அந்தத் தோட்டத்து வீட்டின் கணக்கு இயற்கையாக இல்லை, தினமும் ஒரே நேரத்தில் ஒரே சேனலை மூன்று பேரும் அசையாமல் பார்க்கிறார்கள், நேரில் போய்ப் பார் என்று கொழும்பிலிருந்து சொல்லித்தான் அன்று பஸ் ஏறியிருந்தேன்.

பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து பெண்கள் இறங்கும்வரை வாசலில் காத்திருந்தேன். அந்த வீட்டு அக்கா கொழுந்து பறிப்பவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. மகளுக்கு லுணுகலைத் துணிக்கடையில்.

"அடடே, மிஸ்! எப்ப வந்தீங்க? வெயில்ல நிக்கிறீங்களே."

"அக்கா, வீட்ல யாரும் இல்ல. டிவி ஓடுது. மூணு நம்பரும் போட்டிருக்கு."

மறைப்பார், மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாவியைத் திருப்பியபடியே சொன்னார்: "ஆமாங்க. காலையில பெரட்டுல வேலைக்குப் பேரு குடுக்கப் போறப்பவே போட்டுட்டுத்தான் போறேன்."

"ஏங்க்கா அப்பிடி?"

"அந்த நிகழ்ச்சிய நாங்க பாக்குறோம் மிஸ். மலையில பாக்குறோம்." இடுப்பிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். "தேத்தண்ணி நேரத்துல இந்த ஒரு போன சுத்தி எட்டுப் பேரு ஒக்காந்து பாப்போம். அது ஒங்க பொட்டியில விழுமா?"

"விழாதுக்கா."

"அப்பறம் நாங்க பாக்குறது அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? அதான் வீட்ல ஓட விட்டுட்டுப் போறேன். பொய் இல்ல மிஸ். எடந்தான் வேற."

 அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அந்த இடத்தில் என்னால் காட்ட முடியவில்லை. இருந்தாலும் படிவத்தில் உள்ளதை உள்ளபடி நிரப்பினேன். வீட்டில் ஆளில்லாமல் டிவி ஓடியது என்பதற்கு அதில் ஒரு கட்டம் இருந்தது. மலையில் எட்டுப் பெண்கள் ஒரு போனைச் சுற்றி உட்காருகிறார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை. அதைக் கீழே குறிப்பாக எழுதினேன். குறிப்புகள் கணக்கில் சேராது என்று கொழும்பில் சொல்லிவிட்டார்கள்.

பெட்டியை எடுத்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. நான் திருகாணியைக் கழற்றும்போது அக்கா பக்கத்தில் நின்றார். கோபமே இல்லை. பாலில்லாத சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இதனால நிகழ்ச்சி நிக்காதுல்ல, மிஸ்?"

"ஒரு பொட்டிக்காக எல்லாம் நிக்காதுக்கா."

அப்படித்தான் நம்பினேன்.

சில வாரங்கள் கழித்து, பதுளை பஜார் காய்கறிக் கடையில் லீக்ஸ் வாங்கிக்கொண்டிருந்தபோது அவர் போன் செய்தார். குரலே மாறியிருந்தது. "மிஸ், நிகழ்ச்சிய நிப்பாட்டிட்டாங்க."

அப்படி இருக்காது என்று சொல்லிவிட்டு, உடனே கொழும்பில் எனக்குத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் சிங்களத்தில், சாப்பாட்டு நேரம் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்: ஊவா தோட்டத் தமிழர்கள் என்ற வரிசையில் அந்த நிகழ்ச்சிக்குப் பூஜ்யம் விழுந்துவிட்டது, விளம்பரக்காரர்கள் போய்விட்டார்கள்.

"முன்னால் எத்தனை வீட்டில் பார்த்தார்கள்?" என்று கேட்டேன்.

"ஒரு வீடு. நீங்கள் எடுத்த வீடு."

போன் காதிலேயே இருந்தது. கடைக்காரர் மிச்சக் காசை நீட்டியபடி "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. லயம் லயமாக, மலை மலையாக இத்தனை சனம் இருக்கிறோம். எங்கள் அத்தனை பேருக்கும் பதிலாக அந்தப் பச்சைப் புள்ளிகள் மூன்றுதான் எரிந்துகொண்டிருந்தனவா? அதை அணைத்தது நானா? நானும் தோட்டத்துப் பிள்ளைதான். பையை எடுக்காமலே பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அக்கா என்னை உட்காரவைத்து, பைபிளுக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். இளம் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை.

"என் தங்கச்சி. வீட்டு வேலைக்கு வெளிநாடு போனா. ரெண்டு வருசமா ஒரு போனும் இல்ல."

அந்த நிகழ்ச்சியில் வெள்ளிக்கிழமைகளில், வெளிநாடு போய்த் தகவல் இல்லாமல் போனவர்களின் படத்தைக் காட்டுவார்களாம். இவரும் படத்தை அனுப்பி, முறைக்காகக் காத்திருந்திருக்கிறார். அடுத்த மாதம் காட்டுவதாகச் சொல்லியிருந்தார்களாம்.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"மொதல்ல சொன்னா, தங்கச்சிக்காகத்தான் போடுறோம்னு பொட்டிய எடுத்துருவீங்கன்னு பயந்தேன் மிஸ். எடுத்தப்பறம் சொல்லி என்ன?"

 அவர் படத்தை மெதுவாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தெரிந்திருந்தால் அந்தப் படிவத்தில் பொய் எழுதியிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

செய்ய முடிந்த ஒன்றைச் செய்தேன். நிகழ்ச்சியை நடத்திய பெண்ணுக்கு ஊர் பண்டாரவளை. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். நிகழ்ச்சி நின்றபின் அவர் வீட்டு முன்னறையிலேயே போனை நிறுத்திவைத்து, தானே பேசி இணையத்தில் வீடியோ போட ஆரம்பித்திருந்தார். அக்காவிடம் வாங்கிய படத்தைக் கொடுத்தேன். அந்த வாரமே காட்டினார். மலையில் அந்த எட்டுப் பேரும் அதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். அவர்கள் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். பார்த்தவர்களின் எண்ணிக்கை வீடியோவுக்குக் கீழே ஏறிக்கொண்டே போனதை நானும் அக்காவும் வாயைத் திறந்தபடி பார்த்தோம். எந்தப் பெட்டியிலும் விழாத சனம்.

நான்காம் நாள் ஹாலிஎலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி கூப்பிட்டாள். தங்கச்சி போன அதே வெளிநாட்டு ஊரில் வேலை செய்து திரும்பியவள். அங்கே ஆஸ்பத்திரியில் தங்கச்சியைப் பார்த்ததாகவும், வேலை செய்யும் வீட்டில் போனைப் பிடுங்கி வைத்திருப்பதாகவும் சொன்னாள். வீட்டு முதலாளியின் பெயரும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதை வைத்து அரசாங்க வெளிநாட்டு வேலை அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினோம். பதுளைக்கும் கொழும்புக்குமாக அக்கா பலமுறை அலைந்தார். ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் தங்கச்சியே பேசினாள். இன்னும் வீடு வந்து சேரவில்லை, கடதாசி வேலை முடியவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை பேசுகிறாள்.

இதற்கிடையே கம்பெனி விழித்துக்கொண்டது. சனம் டிவியை விட்டுப் போனுக்குப் போய்விட்டதாம். போனிலேயே ஓர் ஆப் போட்டால், பக்கத்தில் எந்த நிகழ்ச்சியின் சத்தம் கேட்டாலும் அது கண்டுபிடித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமாம். சம்மதிக்கும் ஆட்களைத் தேடி என்னைத்தான் அனுப்பினார்கள். முதலில் அந்த அக்காவிடம்தான் போனேன். இனி மலையில் பார்ப்பதும் எண்ணப்படும் என்று சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இது எந்நேரமும் காது குடுத்துக்கிட்டே இருக்குமா, மிஸ்?" என்றார்.

"பேச்ச எல்லாம் பதியாதுக்கா. நிகழ்ச்சி சத்தத்த மட்டுந்தான்னு சொல்றாங்க."

"சொல்றாங்க." போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "தங்கச்சி இதுலதான் பேசுறா. அவ அழுறதும் இதுலதான் கேக்குது. வேணாங்க மிஸ்."

நான் வற்புறுத்தவில்லை. படிவத்தில் விருப்பமில்லை என்ற கட்டத்தில் அடையாளம் போட்டுவிட்டு, அடுத்த லயத்துக்கு நடந்தேன்.