ஒரு பெட்டிக்கு ரெண்டு அட்ரஸா?

பாண்டி பஜார் ஜவுளிக்கடை ஒன்றில், மாடியில் இருக்கும் கணக்கு ஃபைல்கள் அடிக்கடி காணாமல் போயின. கீழே பில் போடும் செல்விதான் அழிக்கிறாள் என்று முதலாளி அவளை வேலையைவிட்டு நிறுத்த இருந்தார்.

நெட்வொர்க்கைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள் என்று போன நான், இன்று காலை நடுவில் ஒரு லினக்ஸ் ரௌட்டர் பெட்டியை வைத்து, பக்கத்துக்கு ஒரு அட்ரஸ் கொடுத்து, பில் கவுண்டரையும் மாடியையும் தனித்தனி சப்நெட்டாக, அதாவது தனித்தனி வலையாகப் பிரித்து, குறுக்கே தடுப்பும் போட்டேன். இனி கீழேயிருந்து மேலே எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

"ஒரு பெட்டிக்கு ரெண்டு அட்ரஸா? என்ன சார் காமெடி!" என்று சிரித்தார் முதலாளியின் மாப்பிள்ளை. டை கட்டியிருப்பதால் அவர்தான் அங்கே கம்ப்யூட்டர் மேதை. மாடியில் உட்காருவதும் அவர் ஒருவர்தான்.

மத்தியானம் மறுபடியும் ஃபைல் காணோம். கீழேயிருந்து வழியே இல்லை என்பதால் மாடிக்கே போய்க் கேட்டேன்.

"கேம் போட இடம் பத்தல, அதான் அழிச்சேன்" என்றார் மாப்பிள்ளை, கூச்சமே இல்லாமல்.

"மாப்பிள்ளைல்லா, விட்ருங்க தம்பி" என்றார் முதலாளி. செல்வியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த மாமனாரையும் மாப்பிள்ளையையும் எந்த சப்நெட்டில் போட்டால் கடை உருப்படும்? தெரிந்தவர்கள் பதில் போடுங்கள்.