பற்றறியின் நெற்றி

மயிலிட்டித் துறைமுகத்தில் சுபாங்கனுக்கு ஒரு பெயர் இருந்தது. எஞ்சின் சுற்றுகிற சத்தத்தைப் போனில் கேட்டே அதற்கு என்ன வருத்தம், எங்கே பிழை என்று சொல்லிவிடுவான். வேகமாகச் சுற்றியும் ஸ்ராட் வராவிட்டால் டீசலைப் பார், இழுத்து இழுத்துச் சுற்றினால் கரண்டைப் பார் என்பான். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் படகுக்கார ஆழ்வாப்பிள்ளை தன் மகள் தாரிகாவை அவனுக்குக் கட்டிக்கொடுத்தார் என்று கரையில் கதை. வீட்டோடு ஒரு மெக்கானிக் இருந்தால் என்ன குறைச்சல்?

குறைச்சல் வந்தது. கலியாணம் முடிந்த கையோடு ஆழ்வாப்பிள்ளையின் படகு சண்டித்தனம் பண்ணத் தொடங்கியது, அதுவும் சனிக்கிழமை விடியலில் மட்டும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் வயிறு முட்டச் சாப்பிட்டவன் பாயிலிருந்து எழும்புவதுபோல முனகி, அரைச் சுற்றுச் சுற்றி நிற்கும். ஆழ்வாப்பிள்ளை சுத்தியலை எடுத்துப் பற்றறியின் கிளாம்புகளில் நாலு தட்டுத் தட்டி, அங்கும் இங்கும் திருகுவார். ஒருவழியாகக் கிளம்பும். மத்தியானம் கரைக்கு வந்து மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினால், தொட்டதும் பாயும். பிறகு வெள்ளி வரை முறைப்பாடே இல்லை.

சுபாங்கன் பற்றறியை அளந்தான். நிறையச் சார்ஜ் இருந்தது. ஸ்ராட்டரைக் கழற்றித் தேய்ந்த காபன் துண்டுகளை மாற்றினான். எஞ்சினோடு பூட்டிய ஏத் வயரைச் சுரண்டித் திரும்பப் பூட்டினான். அடுத்த சனியும் அதே முனகல். புது மாப்பிள்ளை எழும்புகிற மாதிரித்தானே அவன் பார்க்கிற எஞ்சினும் எழும்பும் என்று கரையில் பகிடி பண்ணினார்கள்.

கடைசியில் ஆழ்வாப்பிள்ளைக்கும் பொறுமை போயிற்று. வருகிற சனியும் இப்படியென்றால் பருத்தித்துறை மெக்கானிக் வாகீசனைக் கூப்பிடப்போவதாகச் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார். மருமகனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குக் கூச்சம். மாமாவின் படகிலேயே வேறொருவன் கைவைத்தால், பிறகு எந்தப் படகுக்காரன் சுபாங்கனைத் தேடி வருவான்?

அந்தச் சனி, மாமாவோடு அவனும் படகில் ஏறினான். சுத்தியலைத் தொடவிடவில்லை. மாமாவைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றறி முனையிலும் மற்றதை அதே முனையைக் கவ்வியிருந்த கிளாம்பிலும் வைத்தான். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிற இரண்டுக்கும் நடுவே மீற்றர் ஒன்றும் காட்டக்கூடாது. அது இரண்டு வோல்ற்றுக்கு மேலே காட்டியது. கிளாம்பைத் தொட்டான், சுட்டது. கூடவே ஒரு வாசம். டீசலும் மீனும் மணக்கவேண்டிய இடத்தில் கோயில் மணந்தது.

கிளாம்பைக் கழற்றினான். முனையைச் சுற்றிக் காய்ந்து இறுகிய சந்தனம். நடுவில் குங்குமம்.

வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை. கலியாணத்துக்குப் பிறகு அன்றைக்குப் பற்றறியும் சார்ஜுக்கு வீட்டுக்கு வரும். மாமி செல்வநாயகியோ வெள்ளியில் மோட்டர் சைக்கிள், தண்ணி மோட்டர், பிறிட்ஜ் என்று வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறவர். விடியல் இருட்டில் சந்தனத்தின் மேலேயே கிளாம்பை இறுக்கினால் கரண்ட் எப்படிப் போகும்? மாமாவின் சுத்தியலுக்கு அது உதிர்ந்துவிடும். மத்தியானம் அவன் வந்து பார்க்கும்போது தடயமும் இராது.

துடைத்துப் பூட்டியதும் எஞ்சின் ஒரே பாய்ச்சல். என்ன பிழை என்று மாமா கேட்டதற்குக் கனெக்சன் என்று மட்டும் சொன்னான். மாமியின் நண்டுக்கறியைப் பகைக்க அவன் தயாரில்லை. ஆனாலும் சொல்லாமல் விட்டால் அடுத்த சனி வாகீசன் வந்து நிற்பான். வீட்டுக்குப் போய்க் குசினி வாசலில் நின்றான்.

"மாமி, பற்றறிக்குப் பொட்டு வைக்கிறனீங்களோ?"

"ஓம் தம்பி. கடலுக்குப் போற சாமானை வெறும் நெத்தியோடை விடலாமே?"

"ரண்டு முனையிலையும் வைச்சிருக்கிறியள்..."

"ரண்டு தலையெல்லோ இருக்கு. ஒண்டுக்கு வைச்சு மற்றதுக்கு வைக்காட்டி, அது மனவருத்தப்படாதே?"

சந்தனம் காய்ந்தால் கரண்டை மறிக்கும், அதனால்தான் எஞ்சின் முனகியது என்று அவன் மென்று விழுங்கிச் சொல்லி முடித்தான். மாமி அகப்பையைக் கீழே வைத்தார்.

"என்ரை சந்தனத்தைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இவ்வளவு சனிக்கிழமை எடுத்ததோ?"

மாமி ஒரு பிஸ்கற் ரின்னை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "சரி, இதுதான் பற்றறி. நெத்தி எதெண்டு காட்டுங்கோ."

அவன் யோசிக்காமல், முனைகள் வரும் ஓரங்களை விட்டு, மூடியின் நடுவில் விரலை வைத்தான்.

அடுத்த சனி சாவி திரும்ப முன்னமே எஞ்சின் பிடித்ததுபோல் இருந்தது. வாகீசனைப் பற்றி மாமா மூச்சும் விடவில்லை. ஆனால் இறங்குதுறையில் நின்று எல்லோருக்கும் சொன்ன கதை வேறு: இத்தனை நாளும் மனிசி பொட்டை இடம்மாற்றி வைத்துவிட்டாவாம், சரியான நெற்றியில் வைத்ததும் எஞ்சின் குதிரையாகிவிட்டதாம்.

வந்த வெள்ளி, சைக்கிள் கரியரில் பற்றறிகளைக் கட்டிக்கொண்டு படகுக்காரர் வாசலில் நின்றார்கள். மாமியிடம் பொட்டு வைப்பிக்க. சுபாங்கனை ஒருவரும் கேட்கவில்லை. மாமி சந்தனக் கிண்ணத்தோடு வெளியே வந்து, முதலில் நின்ற பற்றறியைக் குனிந்து பார்த்தார். முனைகளில் பச்சையாய்ப் பாசிபோல ஊத்தை.

"உதுக்கு நான் வைக்கமாட்டன். முதல்லை தம்பியிட்டைக் குடுத்து ரண்டு தலையையும் தேய்ச்சுக்கொண்டு வாங்கோ."

சுபாங்கன் கம்பிப் பிறஷை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தின் கீழ் குந்தினான். வரிசை அவன் பக்கம் திரும்பியது.