கட்டத்துக்குப் பத்து டிகிரி

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில், ஊறுகாய் ஜாடி செய்யும் ஒரு கம்பெனியின் சோதனை அறையில் அம்சவல்லி தினக்கூலியாகச் சேர்ந்தது 1971 ஆவணியில். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். சூளை எரியும்போது மணிக்கொரு தரம் மீட்டரைப் பார்த்துக் கிராப் தாளில் புள்ளி வைக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்காரருக்கு ஒரு கட்டம் பத்து டிகிரி, இன்னொருவருக்கு இருபது, மூன்றாமவர் தாளையே படுக்கப்போட்டு வரைவார். ஒரே சூளைக்கு மூன்று விதமான மலைகள்.

அம்சவல்லி அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தாள். இடப்பக்கம் இரண்டு கட்டம் ஓரம். அடிக்கோடு எண்ணூறு டிகிரி. அதற்குமேல் கட்டத்துக்குப் பத்து. சூடு ஏற வேண்டிய வழி சிவப்பு மையில். வேறு மாதிரி வேண்டும் என்று யாரும் கேட்காதவரை இதுதான் அளவு. வாரத்துக்கு முப்பது தாள் முன்கூட்டியே வரைந்து அட்டையில் கிளிப் போட்டு வைத்துவிடுவாள்.

“ஓரத்து நம்பரப் படிச்சிக்கினு நிக்காதீங்கண்ணே. மீட்டரு எண்ணூத்தி அம்பது காட்டுனா அஞ்சு கட்டம் எண்ணிப் புள்ளி வையுங்க. செவப்புக் கோட்டுக்குக் கீழ போனா தீயக் கூட்டுங்க, மேல போனா கொறைங்க” என்று சூளைக்காரர் சாமிக்கண்ணுவுக்குச் சொன்னாள்.

“அப்ப எனக்கு மூள வாணாம், வெரலு போதும்ங்கிற” என்று அவர் சிரித்தார்.

தை மாதம், மின்கம்பத்துப் பீங்கான் குமிழ்களைச் சோதனைக்காகச் சுட்டார்கள். சூப்பர்வைசர் விருத்தகிரி, ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரியவேண்டும் என்றார். அம்சவல்லி கட்டத்துக்கு ஐந்து டிகிரியாகப் பத்துத் தாள் வரைந்தாள். ஆறு செலவாயிற்று. மீந்த நாலைக் கிழிக்க மனமில்லாமல் அட்டையிலேயே அடியில் செருகினாள்.

மாசி மகத்துக்கு அவள் இரண்டு நாள் லீவு. அந்த இரண்டு நாளில் வழக்கமான தாள் தீர்ந்து, அடியில் இருந்தது மேலே வந்தது. சாமிக்கண்ணு பழக்கப்படி கட்டம் எண்ணிப் புள்ளி வைத்தார். சிவப்புக் கோடு எங்கோ உயரத்தில் நின்றது. சூடு பின்தங்குகிறது என்று எண்ணெயைத் திறந்துவிட்டார். சூளையைப் பிரித்தபோது ஜாடிகள் கழுத்திலிருந்து அடிவரை வெடித்திருந்தன.

“தண்ணியப் போட்டுட்டுத் தூங்கினியாய்யா?” என்றார் விருத்தகிரி.

“கோட்டப் பாத்துதாங்க எரிச்சன்.”

யாரும் நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை அவரை வெளியே அனுப்பினார்கள். வேலையை விட்டே எடுப்பதா என்று வெள்ளிக்கிழமை முடிவு.

புதன்கிழமை ஃபைலில் அம்சவல்லி அந்தத் தாளைப் பார்த்தாள். கட்டத்துக்கு ஐந்து டிகிரித் தாள். ஓரத்தில் அவள் கையெழுத்தில் எண்கள் சரியாகவே இருந்தன. எண்களைப் பார்க்காதே என்று பழக்கியதும் அவள்தான். அந்த மாதம் பர்மனென்ட் லிஸ்டில் அவள் பெயர் இருந்தது. ஃபைலை மூடினாள்.

வியாழக்கிழமை அக்காள் காசியம்மாளிடம் சொன்னாள்.

“வேற யாருக்காச்சும் தெரியுமாடி?”

“தெரியாதுக்கா.”

“சோறு எறங்கலன்னா போயி சொல்லிடு. லிஸ்டு அடுத்த வருசமும் போடுவான்” என்றாள் காசியம்மாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு வகைத் தாளையும் சூப்பர்வைசர் மேசையில் அருகருகே வைத்து நடந்ததைச் சொன்னாள். விருத்தகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“மிச்சத்த ஏம்மா கிழிச்சிப் போடல?”

“காயிதம் வீணாவுதேன்னுங்க.”

சாமிக்கண்ணுவைத் திங்கள் முதல் வரச் சொன்னார்கள். லிஸ்டில் அவள் பெயரை அடித்து, பேக்கிங் ஷெட்டில் ஜாடிக்கு வைக்கோல் சுற்ற அவளைப் போட்டார்கள். முன்கூட்டித் தாள் வரைவது நின்றது. அவரவர் இஷ்டப்படி மலைகள் திரும்ப முளைத்தன.

திங்கட்கிழமை சாமிக்கண்ணு ஷெட்டுக்கு வந்தார்.

“நல்லாருப்ப. நீ சொல்லலன்னா நான் தெருவுலதான்.” சற்று நின்று கேட்டார்: “ஆமா, உனுக்கு எப்பத் தெரியும்?”

வெள்ளிக்கிழமை என்றே சொல்லியிருக்கலாம். அவள் ஜாடியைக் கீழே வைத்தாள்.

“புதன்கெழமண்ணே.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சூளைப் பக்கம் போய்விட்டார்.