சம்பா கோதுமை விளைந்த எங்கள் தமக்கையாரின் வயல்

உறவினர்க்கும் நண்பர்க்கும் பணிவான வணக்கம். எங்கள் தமக்கையார் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகின்றது. அத்தானின் விருப்பத்தின்பேரில், உடன்பிறந்தவனாகிய நான் இதனை எழுதலானேன்.

தமக்கையார் பிறந்த ஊர் வன்னியம்பட்டி. எங்கள் தந்தையார் காலமான பின் பள்ளிப் படிப்பை நிறுத்தி, இராஜபாளையத்துப் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை முடிந்து வந்த கையோடு அடுப்பை மூட்டி, தம்பிமார் எங்களுக்குச் சோறாக்கிப் பள்ளிக்கு அனுப்புவார். வ. புதுப்பட்டிக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு அத்தானோடு வயலில் இறங்கி உழைத்தார். அத்தானுக்குச் சர்க்கரை நோய் கண்ட பிறகுதான் அவ்வீட்டில் சம்பா கோதுமை புகுந்தது.

அறியாதவர்க்காகச் சிறிது சொல்லுகிறேன். மேற்கு ஆசியாவில் மனிதர் முதன்முதலில் பயிரிட்ட தானியங்களுள் இதுவும் ஒன்று எனப் படித்திருக்கிறேன். அங்கிருந்து நம் நாட்டுக்கு வந்து, மராட்டியத்திலும் கன்னட நாட்டிலும் நிலைத்தது. நீண்டு சிவந்த மணி. ரவையாக உடைத்தால் உப்புமா, கஞ்சி. ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்தால் அல்வா. முழுமணியை வேகவைத்துக் கருப்பட்டி சேர்த்தால் பாயசம். தமக்கையாரின் கையால் அந்தப் பாயசம் குடித்தவர் இதனைப் படிப்போரில் பலர் உண்டு.

உண்பதை நாமே விளைவித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அத்தானோ அந்த வயலில் தென்னை வைக்க முடிவு செய்திருந்தார்.

"ஏட்டி, ஒரே ஒரு வெள்ளாமை. வெளையலேன்னா தென்னம்பிள்ளை வந்துரும்" என்றார்.

"வரட்டும். அதுக்கும் தண்ணி நாந்தான பாய்ச்சணும்" என்றார் தமக்கையார்.

கார்த்திகையில், கடையில் வாங்கிய கோதுமையை விதைத்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகவே முளைத்தது. நெல்லை உமியோடு விதைக்கும் எங்களுக்கு, கோதுமைக்கும் உமி உண்டென்பது தோன்றவில்லை. மற்றக் கோதுமை களத்திலேயே உமி நீங்கிவிடும். சம்பா கோதுமையைக் குத்தித்தான் பிரிக்க வேண்டும். குத்தும்போது முளை அடிபடுகிறது. பிறகு விசாரித்தே இதனை அறிந்தோம்.

தமக்கையாரோடு ஆலையில் வேலை பார்த்த ஒருவரின் தம்பி, பேண்டேஜ் துணி ஏற்றிப் பெல்காம் பக்கம் செல்லும் லாரி ஓட்டுநர். அவர் மூலம் உமி நீக்காத விதை வந்தது.

"அக்கா, சந்தையில சிரிக்காக. உமியோட திங்க மாடு வளக்கியளான்னு கேக்காக" என்று மூட்டையை இறக்கினார்.

"வீட்டுல ஒண்ணு இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானலே" என்று தமக்கையார் அத்தானைப் பார்த்தார். அத்தானும் சேர்ந்து சிரித்தார்.

ஆனால் அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் விதை போடுவது நம் பக்கம் வழக்கமில்லை. தை வரை பொறுத்தாலோ கதிர் விடும் வேளையில் பனி போய்விடும். வெயிலில் கதிர் பால் பிடிக்காது. "வேண்டாம்க்கா, ஊரு ஒண்ணு சொல்லும்" என்று நானே தடுத்தேன்.

"இது வடக்கேயிருந்து வந்த பயிரு தம்பி. அதுக்கு நம்ம மார்கழி தெரியாது" என்றார். மறுநாள் திருவில்லிபுத்தூர் சென்று ஆண்டாளை வணங்கி வந்து, அன்றே விதைத்தார். அத்தான் மடையைத் திறந்துவிட்டார்.

பங்குனியில் அறுத்தோம். அமோக விளைச்சல் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கும் விதைக்கும் போதுமாயிற்று. தென்னைப் பேச்சு ஓராண்டு தள்ளிப்போயிற்று.

அடுத்த பயிர் கதிர் தள்ளும் வேளையில் தமக்கையார் நோயுற்றார். மதுரையில் மருத்துவம் பார்த்தும் உடல் தேறவில்லை. அறுவடைக்கு முன்னரே இறைவனடி சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்தன்று பெரியவர் ஒருவர், "இனி யாரு பாக்கப் போறா மாப்ளே, தென்னைய வச்சிருங்க" என்றார்.

"நிக்கிற பயிர அறுப்போம். பொறவு பேசுவோம்" என்றார் அத்தான். அறுத்த பின் அப்பெரியவர் மீண்டும் கேட்டார். "விதைக்கு எடுத்து வச்சாச்சே மாமா" என்பதோடு அத்தான் முடித்துக்கொண்டார்.

மருத்துவமனையில் இரவு பகலாய்த் துணையிருந்த ஊர்ப் பெண்களுக்கும், இரத்தம் கொடுத்த கிருஷ்ணன்கோவில் கல்லூரி மாணவர்களுக்கும், துயரில் தோள்கொடுத்த யாவர்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. இவ்வாண்டு அத்தான் விதைத்திருக்கிறார். அவரிடம் விதை கேட்டு வாங்கி, அண்டை வயல்காரர் இருவரும் விதைத்திருக்கின்றனர். மூன்று வயலும் இப்போது பால் பிடித்து நிற்கின்றன. பங்குனியில் அறுவடைக்கு ஆள் போதாது என்கிறார் அத்தான். இயன்றவர் வந்து கைகொடுக்க வேண்டுகிறேன்.