கல்லின் மேல் இழுக்க மாட்டேன்

சிறுமுகைத் தார்ச்சாலை எந்தப் பக்கம் என்று குத்துமதிப்பாகப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். காலுக்குக் கீழே பவானிசாகர் அணையின் அடித்தரை. கோடையில் தண்ணீர் உள்வாங்கி, சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இடது செருப்பின் வார் அறுந்துவிட்டதால் இரண்டையும் வீசிவிட்டேன்.

கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை நான் ஒரு பிக்கப் வண்டிக்கு டிரைவர். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, கரையில் நின்றுபோன மீன்பிடிப் படகுகளைக் கயிறு கட்டித் தண்ணீர்வரை இழுத்துப் போய் விடுவது எங்கள் வேலை. அந்தப் பக்கம் இதற்கென்று ஓடியது எங்கள் வண்டி ஒன்றுதான். அதனால் முதலாளி வைத்ததே சட்டம். அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்தே வருவார்.

அன்று கடைசியாக ஒரு பெண்ணின் படகு. தனியாக வலை போடுகிறவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அடியில் ஓட்டை விழுந்த பைபர் படகைக் கரையேற்றி ஒட்டுப் போட்டு வைத்திருந்தார். அதற்குள் தண்ணீர் வெகுதூரம் போய்விட்டது. படகு மிதந்தால்தான் அவர் வீட்டில் உலை வைக்க முடியும். ஒட்டுப் பிய்ந்தால் வேறு படகு இல்லை.

நடுவழியில் ஒரு கல்லுமேடு. அங்கே உருட்டுக்கட்டைகளைப் போட்டு, பின்னால் விடுபடுவதை எடுத்து முன்னால் போட்டுத்தான் படகை நகர்த்த வேண்டும். நேரம் பிடிக்கும். முதலாளிக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிற அவசரம். கட்டை வேண்டாம், அப்படியே இழுக்கச் சொன்னார். அக்கா ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். நான் என்ஜினை நிறுத்தினேன்.

"கல்லு மேல இழுக்க மாட்டனுங்க. ஒட்டு பிஞ்சு போயிரும்."

"வண்டி உங்களுதுங்களா, என்னுதுங்களா?"

"உங்களுதுதானுங்க. கை என்னுதுங்க."

"அப்பச் சாவியக் குடுத்துப்போட்டு நடையக் கட்டுங்க."

எங்கள் பக்கத்தில் வேலையை விட்டுத் துரத்தும்போதும் மரியாதை குறையாது. கொடுத்தேன், நடந்தேன். எட்டாவதைப் பாதியில் விட்ட நாளிலிருந்து இப்படிப் பல இடங்களிலிருந்து நடந்திருக்கிறேன். திமிர் என்பார்கள். இருக்கட்டும்.

பின்னால் வண்டி உறுமியது. திரும்பிப் பார்த்தால் முதலாளியே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அக்கா படகுக்குள் ஏறி, துடுப்பை மடியில் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆளோடு சேர்த்து இழுக்க முதலாளிக்குத் துணிவு வரவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டு என்னைத் தாண்டிப் புழுதி பறக்கப் போனார். ஹாரன் வேறு அடித்தார்.

நான் அக்காவிடம் திரும்பிப் போகவில்லை. வண்டி இல்லாமல் போய் ஆறுதல் சொல்லி என்ன ஆகப்போகிறது? மற்ற மீன்காரர்களும் வரமாட்டார்கள். நாளைக்கு அவர்கள் படகை இழுக்கவும் அந்த முதலாளிதான் வேண்டும்.

சிறுமுகை பஸ் நிறுத்தத்தில் படுத்தேன். கொசு பிடுங்கியது. விடிந்ததும் டீக்கடையில் வேலை விசாரித்தேன். ஒரு வாழைத்தோட்டக்காரரின் பிக்கப் டிரைவர் இல்லாமல் நிற்கிறது, மேட்டுப்பாளையம் மண்டிக்குத் தார் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். போய் நின்றேன். அவர் என் லைசென்ஸைப் பார்த்தார், வெறுங்காலையும் பார்த்தார். சரி, வண்டியை எடுங்கள் என்றார். எடுக்கிறேன், ஆனால் முதல் நடை அணைக்குள், பாதியில் விட்டுப்போன ஒரு படகை இழுத்துவிட்டுத்தான் மண்டிக்கு என்றேன்.

"ஏனுங்க, சேரும்போதே கண்டிசனுங்களா?"

"ஆமாங்க."

யார் விட்டுவிட்டுப் போன படகு என்று கேட்டார். சொன்னேன். பழைய முதலாளிக்கும் அவருக்கும் ஏதோ வரப்புத் தகராறு போலிருக்கிறது, முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படீங்களா? இருங்க, நானும் வாரேன்."

படகு அதே இடத்தில் நின்றது. அக்கா கல்லுமேடு முழுக்கத் தானே கட்டைகளைப் பரப்பி வைத்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தோட்டக்காரரைக் கை காட்டிக் கேட்டார்: "ஏந் தம்பி, இவரும் பாதியில சாவியப் புடுங்குவாருங்களா?"

தோட்டக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகின் பின்பக்கம் போனார். நான் கயிற்றை மாட்டி, முதல் கியரில் ஊர்ந்தேன். ஒட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. படகு தண்ணீரில் மிதந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வாழைத்தார் ஏற்றப் போனேன்.