கென்னின் எடை

பெவர்லி ஸ்டெயின்டனுக்குச் சம்பளமே அசையாமல் உட்கார்ந்திருப்பதற்குத்தான். இங்கிலாந்தில் லிங்கன்ஷயரின் தட்டை வயல்களுக்கு நடுவே ஒரு ரயில்வே கேட். அதை ஒட்டி, மரப்படி ஏறிப் போகும் சிக்னல் அறை. மணி அடித்தால் கேட்டை மூடுவாள், ரயில் போனதும் திறப்பாள். மற்ற நேரமெல்லாம் முட்டைக்கோஸ் வயலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கேட்டுக்கு அந்தப் பக்கம் உறுமிக்கொண்டு நிற்கும் வண்டிகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கால் நமநமக்கும். வீடு திரும்பினால் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே கராஜுக்குள் போய்விடுவாள்.

கராஜில் நின்றது அவளே கட்டிய கார். பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய சாமான்களோடு, துருவேறிய பழைய ஃபோர்டு ஒன்றின் எஞ்சினைப் பிடுங்கிச் சேர்த்து, இரண்டு குளிர்காலம் மல்லுக்கட்டி முடித்திருந்தாள். இரும்புக் குழாய்க் கூடு, மேலே அலுமினியத் தகடு, அவ்வளவுதான். கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. சீட்டின் மேல் கால் வைத்து, குழிக்குள் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டினால் ரோட்டைத் தொடலாம்.

கணவன் கென் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாய்லரையும் சாவிக்கொத்தையும் பார்த்துக்கொள்பவன். கனத்த உடம்பு, அதற்கேற்ற நிதானம். கார் ஓடத் தொடங்கிய கோடையிலிருந்து, மழையில்லாத ஞாயிறுகளில் கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து கடற்கரைக்குப் போய்வருவான். இருவரும் பேசிக்கொள்ள முடியாது. எஞ்சின் சத்தமும் காற்றும் விடாது.

கார் நன்றாக ஓடியது. அதுதான் பெவர்லிக்குப் பொறுக்கவில்லை. ஓடுகிற வண்டியில் அவளுக்கு என்ன வேலை? குளிர் வந்ததும் பிரித்துப் போட்டாள். ஹீட்டர் போயிற்று. மாற்றுச் சக்கரம் போயிற்று. முன்கண்ணாடிக்குப் பதில் உள்ளங்கை உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தகடு வந்தது. கழற்றியதையெல்லாம் குளியலறை எடைமெஷினில் வைத்துப் பார்த்துச் சந்தோஷப்படுவாள். மெஷினில் கிரீஸ் கறை ஏறியதால் கென் தன் எடையைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். ஒவ்வொன்று கழன்றபோதும் காரின் வேகம் கொஞ்சம் கூடியது. ஒரு வாரம் நிம்மதியாக இருப்பாள். பிறகு மறுபடியும் கை பரபரக்கும்.

அந்த வசந்தத்தில், கைவிடப்பட்ட பழைய விமானத்தளம் ஒன்றில் ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்க்கும் பந்தயம் நடக்கப்போவதாகக் கேள்விப்பட்டு, பேர் கொடுத்துவிட்டாள். எடையைக் குறைக்க இனி என்ன இருக்கிறது என்று காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு இடப்பக்கச் சீட்டைக் கழற்றி, பெல்ட்டையும் அவிழ்த்து, அந்தக் குழியை அலுமினியத் தகட்டால் மூடி ரிவெட் அடித்துவிட்டாள்.

கென் டீயோடு வந்தான். புல்தரையில் கிடந்த தன் சீட்டைப் பார்த்தான். மூடியிருந்த தகட்டையும் பார்த்தான்.

"என் எடையையும் சேத்துக் கழிச்சிட்டியாம்மா?" என்றான்.

"உன்னைத்தான் மொதல்ல கழிச்சிருக்கணும். ஹீட்டரெல்லாம் உன் பக்கத்துல எம்மாத்திரம்?"

இருவரும் சிரித்தார்கள். கென் சீட்டைத் தூக்கிக்கொண்டுபோய், மழை படாமல் செடிகளுக்கான கண்ணாடி வீட்டில் வைத்தான். அவன் அப்படிப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போனது, சிரித்து முடித்த பிறகும் அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

பந்தயத்தன்று தூறல். நீளமான ஓடுதளத்தின் முடிவில் ஒரு வளைவு. அங்கே பிரேக்கை மிதித்ததும் இடது முன்சக்கரம் சுற்றாமல் அப்படியே வழுக்கியது. கார் திரும்ப மறுத்து, நட்டுவைத்திருந்த கூம்புகளை இடித்துத் தள்ளிக்கொண்டு புல்லுக்குள் போய் நின்றது. அடி ஒன்றும் இல்லை. மூக்கு மட்டும் நசுங்கியது. அடுத்த சுற்றிலும் அதே சக்கரம், அதே புல்.

ஈரப்புல்லில் மல்லாந்து அடியில் பார்த்தபோது அவளுக்கு விளங்கிவிட்டது. ஸ்பிரிங்குகளை அவள் முறுக்கிச் சரிபார்த்த போதெல்லாம் கென் உள்ளே உட்கார்ந்திருந்தான். இப்போது அந்தப் பக்கம் லேசாகி, சக்கரம் தரையை அழுத்தாமல் சும்மா உரசிக்கொண்டிருந்தது. சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. ஸ்பிரிங்கின் வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். அதற்கான ஸ்பேனர் பையிலேயே இருந்தது. திருப்பிவிட்டால் கென் இல்லாமலே கார் அருமையாக ஓடும்.

இத்தனை சுலபமா என்பதுதான் அவளை உறுத்தியது. ஸ்பேனரைக் கையில் எடுத்தாள், உள்ளே போட்டாள், மறுபடியும் எடுத்தாள். கடைசிச் சுற்றை வளையத்தைத் தொடாமலே மெல்ல ஓட்டி முடித்தாள். பட்டியலில் அவளுக்குக் கீழே ஒருவரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் துளைபோடும் மெஷினை எடுத்து ரிவெட்டுகளைப் பெயர்க்க ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு கென் எட்டிப் பார்த்தான். என்ன செய்கிறாய் என்றான். உன் சீட்டை மாட்டப்போகிறேன் என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

கென் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டான்.

"பெவ், அதை மாட்டாத."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்லம்மா. எனக்கு அந்த வண்டியே பிடிக்காது. எப்பவுமே பிடிச்சதில்ல. வீட்டுக்கு வந்தா ரெண்டு நாளைக்குக் காதுக்குள்ள குடையும். முதுகு, கேக்கவே வேணாம்."

அவள் மெஷினைக் கீழே வைத்தாள். "இத்தனை நாளா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"அதுல உக்காந்துக்கிட்டு யாரு என்ன சொல்ல முடியும்? இறங்கினதும் நீ பானெட்டைத் திறந்துடுவ."

அவள் காரின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் ஏன் ஒவ்வொரு முறையும் வந்தாய் என்று கேட்டாள். வீட்டில் அவள் ஓர் இடத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்து தான் பார்த்ததில்லை என்றும், அந்தக் காரில்தான் அவள் பக்கத்தில் ஒரு மணி நேரம் இருக்க முடிந்தது என்றும் கென் சொன்னான். சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கு வெந்திருக்கும் என்று உள்ளே போய்விட்டான்.

அன்று பெவர்லி அவன் பின்னாலேயே சமையலறைக்குப் போனாள். எதையும் கழற்றாமல், துடைக்காமல், சாப்பிட்டு முடியும் வரை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். மேஜைக்கடியில் முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. கென் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினான்.

மறுநாள் அவள் ஸ்பிரிங்கைத் தன் ஒருத்திக்காகத் திருப்பி வைத்தாள். அடுத்த பந்தயத்தில் பட்டியலின் நடுவில் வந்தாள். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் கென் பேப்பரோடு பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போகிறான். அவள் காரில் போகிறாள். மீன் வறுவல் கடையில் சந்தித்துக்கொள்கிறார்கள். பல நாள் பஸ்தான் முதலில் போய்ச் சேர்கிறது. அவள் எங்காவது ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள்.

போன ஞாயிறு அவள் கரிக்கையோடு வந்து உட்கார்ந்ததும் கியர்பாக்ஸைப் பற்றி ஆரம்பித்தாள். மீன் ஆறிப்போகிறது, முதலில் சாப்பிடு என்றான் கென். சரி என்று ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, அந்தக் கியர்பாக்ஸ் ரொம்பக் கனம், அதைவிட லேசானது ஒன்று லிங்கன் டவுனில் கிடைக்கிறதாம் என்றாள்.